ஆறவிடக் கூடாது

ஆரஞ்சின் தோலை
வெள்ளை வராமல் துருவவேண்டும்.
வெள்ளை கசக்கும்.
ஒருமுறை விரல்கணு பட்டு எரிந்தது,
குழாயில் காட்டிவிட்டு மறுபடி துருவினேன்.

நவம்பர் ஞாயிறு. பிராத்தோவில் நான்காம் மாடி.
தறிக்கூடங்களின் தகரக் கூரைமேல் மழை.
முந்நூறு கிராம் மாவு, இருநூறு சர்க்கரை,
முட்டை மூன்று, ஒன்றில் இரட்டைக் கரு.
பாதாமைத் தோலோடு போடுவேன்.
உரித்துப் போடுகிறவர்களையும் தெரியும்,
அவர்களை நம்பிக் கடன் கொடுக்கமாட்டேன்.

மாவு கையை விடாது.
ஈரக் கையால் உருட்டி
இரண்டு நீளக் கட்டைகளாகத் தட்டில் கிடத்தினேன்,
சண்டை போட்ட இருவர்
ஒரே கட்டிலில் படுத்ததுபோல
நடுவில் இடம் விட்டு.

இருபத்தைந்து நிமிடம்.
கீழ்வீட்டு ஹூ குடும்பத்துப் பையன்
படியேறி வந்து, கதவருகே நின்று,
மோந்துவிட்டுப் போனான்.

வெளியே எடுத்தேன். இனித்தான் அவசரம்.
ரம்பப் பல் கத்தி. சாய்த்து வெட்டவேண்டும்.
கை பொறுக்கும் சூட்டில்
பாதாம் இரண்டாகப் பிளந்து முகம் காட்டவேண்டும்.
ஆறினால் கத்தி பட்டதும் நொறுங்கிவிடும்.
ஐந்து நிமிடம், மிஞ்சினால் ஏழு.

அதற்குள்தான் நேதோ கூப்பிட்டான்.

பெயரை எப்போதோ அழித்துவிட்டேன்.
எண் தலைக்குள் இருந்தது.

பதினொரு வருடம்.
அம்மா வீட்டை விற்ற பணத்துக்குச் சண்டையில்லை,
அதை நோட்டரி சரிபாதியாகப் பிரித்துவிட்டார்.
சண்டை ஒரு தொட்டிக்கு.
சுட்ட மண் தொட்டி, அதில் எலுமிச்சை,
இரண்டு ஆள் சேர்ந்தால்தான் அசையும்.
ஒரு செவ்வாய்க்கிழமை வண்டியோடு வந்து
தனியாகவே தூக்கிப்போனான்.
அதிலிருந்து நான் எலுமிச்சை போடுவதில்லை.

கத்தியை வைக்க முடியாது.
ஃபோனை எடுக்காமலும்...
தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டேன்.

“இல்வா,” என்றான்.
கர்ரக்.
“வெட்டுகிறாயா?”
கர்ரக்.
“எனக்கு எல்லாம் தூளாகப் போகிறது.
ஆறட்டும் என்று வைத்தேன். தப்பா?”

ஐம்பத்தெட்டு வயது.
நோட்டரி முன்னால் என்னை
நாக்கில் நரம்பில்லாமல் பேசியவன்.
அவனுக்குச் சொல்ல எத்தனையோ பதில்களைத்
தீட்டி வைத்திருந்தேன்,
குளிக்கும்போது, பேருந்தில்,
தறியின் இரைச்சலில் உரக்கவே.
வந்தது இவ்வளவுதான்:
“சூடாக இருக்கும்போதே வெட்டணும், மடையா.”

மறுமுனையில் மழை.
அதே மழைதான்,
பிசென்சியோ ஆற்றோடு
இருபது கிலோமீட்டர் மேலே.
“இன்னொரு கட்டை இருக்கிறது. இன்னும் சுடுகிறது.”
“அப்புறம் என்ன பேச்சு?”

இழுப்பறை திறக்கும் சத்தம்.
‘ஸ்ஸ்’ என்றான், சுட்டிருக்கும்.
பிறகு அந்தப் பக்கமும்
கர்ரக்.

துண்டுகளைப் படுக்கவைத்து மறுபடி ஓவனில்.
இரண்டாவது சூடு ஈரத்தை வாங்குவதற்கு.
எட்டு நிமிடம், திருப்பி, இன்னொரு எட்டு.
யாரும் ஃபோனை வைக்கவில்லை.
யாரும் பேசவுமில்லை.
“திருப்பிப் போடு,” என்றேன்.
போட்டான்.

மன்னிப்புக் கேட்டானா என்று
மறுநாள் ஆலையில் தெரேசீனா கேட்டாள்.
இல்லை.
நீ என்ன போடுகிறாய் என்று கேட்டான்.
ஆரஞ்சு என்றேன்.
கொஞ்சநேரம் கழித்து,
உறைபனி விழுவதற்குள்
தொட்டியை உள்ளே நகர்த்தவேண்டும் என்றான்.
இடுப்பு முன்னேமாதிரி இல்லை என்றான்.
காய் நிறைய, ஒரு கிளை வளைந்தே போய்விட்டது என்றான்.

பார்க்கலாம் என்றேன்.

விளிம்புகள் கொஞ்சம் கருகிவிட்டன.
வின் சாந்தோவில் தோய்த்தால் தெரியாது.
தகரப் பெட்டியில் அடுக்கினேன்.
ஹூ வீட்டுப் பையனுக்கு நான்கு.
மீதியை எண்ணினேன்,
பாதியில் விட்டுவிட்டு
மேலே போகும் ரயிலின் நேரம் பார்த்தேன்,
மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.